விசைக்கும் எழுத்துக்கும் இடையில் ஒரு தரகர்
எழுத்தும் இயந்திரமும் – 14

1978 செப்டெம்பர் 7ஆம் திகதி இலங்கையின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆவது உறுப்புரை சிங்களத்தோடு தமிழையும் தேசிய மொழி என்றது. உறுப்புரை எழுதுவது இலகு. அதைத் தமிழில் தட்டச்சுச் செய்ய ஓர் ஆளையும் ஒரு பொறியையும் கந்தோரில் இருத்துவதுதான் வில்லங்கம். அந்த வில்லங்கத்தைப் பற்றிச் சென்ற வாரம் போதிய அளவு புலம்பியாயிற்று.

அதே மாதம் 26ஆம் திகதி தோக்கியோவில் தோஷிபா நிறுவனம் ஒரு பொறியை அறிமுகம் செய்தது. பெயர் ஜேடபிள்யு-10. மேசை அளவு, 220 கிலோ எடை, 63 இலட்சம் யென் விலை. ஜப்பானிய மொழியைச் சாதாரண விசைப்பலகையில் ஒலிப்படி தட்டினால், உரிய சித்திர எழுத்துகளைத் தானே தெரிந்து போட்டுத்தரும் முதற் பொறி அது. கொழும்பின் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இதனால் என்ன என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்துக் கொழும்பில் எடுக்கப்பட்ட ஒரு முடிவைப் புரிந்துகொள்ள இந்தப் பொறி தேவைப்படும்.

ஜப்பானியரின் இக்கட்டு முதலில். அதே 1978இல் அந்த நாடு வெளியிட்ட எழுத்துத் தரத்தில் 6,802 குறிகள் இருந்தன. அவற்றில் 6,349 சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகள். இத்தனைக்கும் விசை வைப்பதென்றால் தட்டச்சாளர் மண்டபத்தில் நடந்து திரிந்துதான் தட்ட வேண்டும். 1915இல் சுகிமோட்டோ கியோட்டா செய்த ஜப்பானியத் தட்டச்சுப் பொறி ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஈய எழுத்துகள் ஒரு தட்டில் அடுக்கியிருக்கும். வேண்டியதைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கி அடிக்க வேண்டும். அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் செய்த வேலை அது. சாதாரண ஆள் கிட்டப் போகமாட்டார்.

ஒலியெழுத்தான கானா ஏறக்குறைய ஐம்பதுதான். அவற்றை விசைப்பலகையில் அடக்கலாம். ஆனால் ஒரே ஒலிக்குப் பல சொற்கள். ‘கிஷா’ என்று தட்டினால் அது நிருபராகவும் இருக்கலாம், புகையிரதமாகவும் இருக்கலாம், ‘தங்கள் நிறுவனம்’ என்ற மரியாதைச் சொல்லாகவும் இருக்கலாம், நிறுவனத்துக்குத் திரும்புதலாகவும் இருக்கலாம். தங்கள் நிறுவனத்தின் நிருபர் புகையிரதத்தில் நிறுவனத்துக்குத் திரும்பினார் என்பதை ஜப்பானியத்தில் சொன்னால் ‘கிஷா’ நான்கு முறை வரும். மாற்று மென்பொருள் ஒன்று தேறுமா என்று பார்க்க ஜப்பானியர் வைக்கும் வழமையான பரீட்சை வாக்கியம் இது. இலக்கணம் தெரியாத பொறி இதில் தோற்றுவிடும்.

மோரி கெனிச்சி தலைமையிலான தோஷிபா குழு செய்தது இதுதான். தட்டிய ஒலிகளை உடனே எழுத்தாக்காமல் நிறுத்திவைத்தார்கள். சொல்லின் அடி எது, விகுதி எது என்று பொறியே பிரித்துப் பார்த்தது. அகராதியில் தேடியது. பொருந்துவன பலவென்றால் பயனர் கடைசியாக எதைத் தேர்ந்தாரோ அதை முன்னே நீட்டியது. தட்டுபவர் தலையசைத்த பிறகே எழுத்து ஆவணத்தில் இறங்கியது.

இன்று ஜப்பானிய மொழியில் தட்டச்சுச் செய்பவரின் திரையைப் பார்த்தால் அந்த 1978இன் ஏற்பாட்டை அப்படியே காணலாம். தட்டத் தட்ட எழுத்துகள் அடிக்கோட்டோடு தோன்றும். அடிக்கோடு இருக்கும்வரை அவை ஆவணத்தைச் சேர்ந்தவை அல்ல. இன்னும் பேரத்தில் இருப்பவை. இடைவெளி விசையைத் தட்டினால் சித்திர எழுத்தாக மாறும், மறுபடி தட்டினால் அடுத்த சொல் வரும், என்டரைத் தட்டினால் அடிக்கோடு மறைந்து முடிந்த காரியமாகும். விசைக்கும் ஆவணத்துக்கும் நடுவே ஒரு தரகர் நிற்கிறார். அவருக்கு மொழி தெரியும். இரு பக்கமும் கேட்டு, பொருத்தம் பார்த்து, கடைசியில்தான் கைகுலுக்க வைப்பார்.

1980களில் தோக்குஷிமாவைச் சேர்ந்த ஜஸ்ட்சிஸ்டம் நிறுவனம் இந்தத் தரகரை ஏடொக் என்ற பெயரில் தனி மென்பொருளாக மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு வந்த இச்சித்தாரோ என்ற சொற்செயலி 1985இல் வெளியாகி ஜப்பான் முழுக்கப் பரவியது. பிறகு மைக்ரோசொப்ட் ஜப்பானிய விண்டோஸில் இதற்கென்றே ஓர் அடுக்கு வைத்தது. யூனிக்ஸ் உலகமும் தன் சாளரமுறையில் இப்படியொரு வாசலைத் திறந்துவைத்தது. ஜப்பானியர் கேட்டார்கள், சீனர் கேட்டார்கள், கொரியர் கேட்டார்கள். செய்தே ஆக வேண்டியிருந்தது. எந்த மென்பொருளானாலும் நேரே விசையைப் படிக்காதே, தரகரிடம் கேள் என்ற ஒழுங்கு இயங்குதளத்துக்குள்ளேயே ஊறியது.

தமிழுக்கு அப்படியொரு கட்டாயம் வரவில்லை. நமக்கு 247 என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தாலும், அவற்றை உடைத்தால் நூறு வடிவங்களுக்குள் ஏறக்குறைய முழு நெடுங்கணக்கையும் எழுதிவிடலாம். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா இதைத்தான் கண்டுபிடித்தார் என்று இத்தொடரில் முன்னரே பார்த்தோம். புள்ளியும் விசிறியும் அடித்தால் உருளை நகராது; அதே இடத்தில் மெய் வந்து விழும். ஜெர்மனியில் வார்க்கப்பட்ட அந்தப் பொறிகளின் நடுவரிசை விரல்களுக்குள் போய்ப் பதிந்தது: இடக்கைக்கு ய, ள, ன, க, ப, வலக்கைக்கு அரவு (ா), த, ம, ட. இலங்கையில் பயிற்சி வகுப்புகளிலும் கந்தோர்களிலும் நிலைத்த அமைப்பு ரெங்கநாதன் பலகை எனப் பெயர்பெற்றது.

எழுத்துகள் குறைவாக இருந்தது நமது அதிர்ஷ்டம் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். என் எண்ணம் வேறு. கணினிக் காலத்தில் அதுவே நமக்கு வினையாக வந்தது.

மேசைக் கணினியின் எழுத்துரு ஒன்றில் 256 இடங்கள் இருந்தன. ஆங்கில எழுத்துகளைத் துடைத்துவிட்டு அவற்றின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தால் காரியம் முடிந்தது. கணினிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. அது ஆங்கிலம் தட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். திரையில் தமிழ் தெரியும். தரகர் வேண்டாம், தரகுப் பணமும் வேண்டாம். இப்படி வந்த எழுத்துருக்களில் இலங்கைத் தமிழரின் கைக்கு மிக நெருங்கியது பாமினி. பழைய பொறியின் நடுவரிசை அப்படியே அதில் இருந்தது என்பதுதான் காரணம். பொறியில் பழகிய விரல் ஒரு நாள்கூடத் தடுமாறவில்லை.

1990களில் காலி வீதியின் இருமருங்கும் கொமினிகேஷன் கடைகள் முளைத்தன. வடக்கிலிருந்து வந்தவர்களும் வெளிநாடு போகக் காத்திருந்தவர்களும் நிறைந்த வெள்ளவத்தையில் தொலைபேசிக்கு அடுத்தபடி ஓடிய வியாபாரம் தட்டச்சு. விண்ணப்பம், சத்தியக் கடதாசி, லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போகும் கடிதம் எல்லாம் அங்கேதான். கொட்டாஞ்சேனையின் அச்சகங்களில் வேறு வகைச் சரக்கு: கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், தேவாலயத் திருநாள் அறிவித்தல், எல்லாவற்றுக்கும் மேலாக 31ஆம் நாள் நினைவுமலர். ஒருவரின் பிறப்பு, குலம், கல்வி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என எல்லாம் அடங்கிய நினைவுமலர் தமிழ்க் குடும்பங்களின் சிறு வரலாறு. ஆயிரக்கணக்கில் வந்த இந்த மலர்களைப் பாமினியில்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது.

கடதாசியில் இறங்கும்வரை ஒரு குறையும் இல்லை. குறை கோப்புக்குள் இருந்தது. ‘தமிழ்’ என்று தட்டச்சாளர் அடிக்கும்போது கணினி சேமித்தது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தப் பிதற்றல்தான். வெளிநாட்டுக்குக் கடிதம் அனுப்புபவர் எழுத்துருவையும் கூடவே அனுப்ப வேண்டும். அங்கே அதை நிறுவத் தெரிந்த ஒரு பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டும். நடுவில் ஆங்கில விலாசம் ஒன்று வந்து, எழுத்துருவை மாற்ற மறந்துவிட்டால் காற்புள்ளி வரும் இடமெல்லாம் ‘இ’ குந்தியிருக்கும். பாமினியில் ‘இ’க்கு ஒதுக்கிய இடம் அது.

பெயர்ப் பட்டியல்தான் உண்மையான சோதனை. கணினி ஆங்கில வரிசையில்தான் அடுக்கும். பாமினியில் ‘இ’ காற்புள்ளியில் இருக்கிறது, ‘உ’ சி என்ற எழுத்தில், ‘அ’ எம் என்ற எழுத்தில். ஆகவே இராசையா முதலில், உருத்திரமூர்த்தி அடுத்து, அருளம்பலம் அதற்கும் பின்னால். அகர வரிசையில் அகரமே பின்னுக்குப் போன பட்டியலை வைத்துக்கொண்டு கந்தோர்கள் என்ன செய்தன? திரும்பக் கையால் அடுக்கின.

ஜப்பானில் இந்தக் குறுக்கு வழி நினைத்தும் பார்க்க முடியாதது. ஆறாயிரம் எழுத்தை 256 இடங்களில் எவராலும் ஒளித்துவைக்க முடியாது. அதனால் அவர்கள் முறையாகக் கட்டினார்கள். நாம் ஒளித்துவைத்தோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஒளித்துவைத்தோம் என்பது இன்னும் கொடுமை. ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றதில் வாசிக்காது.

வெளியே வரும் முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம், பிறகு வரும் வாரங்களில் அவற்றுக்குத் தனி இடம் உண்டு. உலக எழுத்துகளுக்கான பொதுத் தரமாக 1991இல் வெளியான யுனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி கிடைத்தது. இந்திய அரசின் இஸ்கி தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டியது அது. மைக்ரோசொப்டின் விண்டோஸ் 2000தான் அந்தத் தமிழைத் திரையில் காட்டக் கற்றுக்கொண்டது; லதா எழுத்துரு அதனோடு வந்தது. இதற்கிடையே 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு புதிய விசைப்பலகை ஒன்றைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு அரசு அதே ஆண்டு அதை ஏற்றது. அதுதான் தமிழ்99. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதில் புள்ளி தானே விழும். ‘ங’வுக்குப் பின் ‘க’ தட்டினாலும் அப்படியே. தமிழ்ச் சொல்லில் எது எதனோடு சேரும் என்பது அதற்குத் தெரியும். நம்மவர்கள் செய்த முதல் நல்ல தரகர்களில் அது ஒன்று.

சிங்கப்பூரும் மலேசியாவும் தமிழ்நாடும் கூடிப் பேசியது கொழும்பின் விரல்களுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் பழகிய விரல் கேட்டிருக்காது. 2003இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் முகவர் நிலையம் அமைந்த பிறகு, அரச அலுவலகங்களில் இரு மொழிக் கணினிப் பாவனைக்கு ஒரு தரம் தேவைப்பட்டது. சிங்களத்துக்கு ஏற்கெனவே 1996இல் தரம் வந்திருந்தது. அதன் விசைகள் விஜேசேகர தட்டச்சுப் பலகையைப் பின்பற்றின. தமிழுக்கான இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 1326 என்ற இலக்கத்தில் 2008இல் வெளியானது. எழுத்துக்குறிகள் யுனிகோட், விசையமைப்பு ரெங்கநாதன். சென்னையின் புதிய பலகையை எடுக்காமல் கந்தோரின் பழைய பலகையையே வைத்துக்கொண்டார்கள்.

இதைப் பிற்போக்கு என்று சொன்னவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். இருபது வருடம் தட்டிய ஓர் எழுதுவினைஞர் அம்மாவிடம் போய், நாளையிலிருந்து ‘க’ வேறு விசையில் என்று சொல்வது எந்தத் தொழில்நுட்பவியலாளருக்கும் உரிமையான காரியம் அல்ல. மனிதரை மாற்றாமல் மென்பொருளை மாற்றுவது சரியான முடிவு. ஆனால் அந்த முடிவின் பாரம் முழுக்க மென்பொருளின் தலையில் விழுந்தது.

‘கொழும்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தட்டச்சு மரபில் பழகியவர் முதலில் கொம்பைத் தட்டுவார், அடுத்து ‘க’, அடுத்து அரவு. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு அது. யுனிகோட்டின் ஒழுங்கு வாய் உச்சரிக்கும் ஒழுங்கு: முதலில் ‘க’, பின்னரே ஒகரக் குறி. கொம்பு வந்தவுடன் கணினி அதை அப்படியே ஆவணத்தில் போட்டால் புள்ளி வட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு தனியே நிற்கும். ஆகவே கொம்பை யாராவது கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். ‘க’ வந்ததும் முன்னே விட்டுக் கொம்பைப் பின்னே நிறுத்தி ‘கெ’ ஆக்க வேண்டும். அடுத்து அரவு வந்தால் முன்னே செய்ததைப் பிரித்து ‘கொ’ ஆக்க வேண்டும். இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘கொ’வை ‘க’வும் ஒகரக் குறியும் என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், ‘க’, கொம்பு, அரவு என மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. அசட்டையான தேடல் நிரலுக்கு இரண்டும் வேறு. விசைப்பலகை நிரல் எழுதியவர் கவனமில்லாமல் விட்டால், ஒரு கந்தோரில் தட்டிய கொழும்பை மற்றக் கந்தோரின் கணினி கண்டுபிடிக்காது.

ஆவணத்தில் இறங்குமுன் பிடித்து வைத்திருந்து, அடுத்த விசையைப் பார்த்துத் தீர்மானிக்கும் இந்த வேலை ஜேடபிள்யு-10 செய்த அதே வேலைதான். அளவு சிறிது. அங்கே நான்கு ‘கிஷா’க்களில் எதை எடுப்பது என்ற வழக்கு, இங்கே ஒரு கொம்பு எந்த மெய்யைச் சேரும் என்ற வழக்கு. ஆக 1990களில் தரகர் வேண்டாம் என்று துரத்திவிட்ட நாம் 2008இல் அவரைத் தேடிப் போனோம்.

லினக்ஸ் இயங்குதளத்தில் அந்தத் தரகர் வந்தது ஜப்பானிலிருந்துதான் என்பது கதையின் சுவையான பகுதி. சுக்குபா நகரின் அரச ஆய்வுகூடத்தில் ஹண்டா கெனிச்சியும் தோழர்களும் முதலில் ஈமாக்ஸ் என்ற எழுதி மென்பொருளை உலக மொழிகள் பலவற்றுக்குத் திறந்துவிட்டார்கள். பிறகு அந்த அனுபவத்தை வைத்து எம்17என் என்ற பொது நூலகத்தைக் கட்டினார்கள். பன்மொழியாக்கம் என்பதற்கான நீண்ட ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து, கடைசி எழுத்து, நடுவே விழுங்கிய எழுத்துகளின் தொகை: பெயர் வந்த விதம் அவ்வளவே. ஜப்பானியத்துக்குக் கட்டிய அடிக்கோட்டு ஏற்பாட்டை எந்த மொழிக்காரரும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் நான்கு விதி எழுதித் தமதாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாதுரியம். இந்தத் தட்டு வந்தால் இதைக் காட்டு, அடுத்து அது வந்தால் இப்படி மாற்று, இவ்வளவே. நிரலாளராக இருக்க வேண்டியதில்லை.

அந்த நூலகத்தின் தமிழ்ப் பட்டியலில் இன்று தமிழ்99 இருக்கிறது, தட்டச்சுப் பலகை இருக்கிறது, ஒலிபெயர்ப்பு இருக்கிறது. இலங்கையின் ரெங்கநாதனும் நாட்டுக் குறியோடு தனியே இருக்கிறது. உபுண்டுவோ ஃபெடோராவோ நிறுவிய ஒருவர் உள்ளீட்டுப் பட்டியைத் திறந்தால் ஜப்பானிய மொழியையும் ரெங்கநாதனையும் ஒரே பட்டியில் மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். விண்டோஸ் பக்கத்தில் கீமேன் என்ற அவுஸ்திரேலிய மென்பொருள் இதே பணியைச் செய்தது. லாவோ மொழிக்காக ஆரம்பித்த அதன்மேல்தான் இ-கலப்பை என்ற தமிழ் உள்ளீட்டு மென்பொருள் எழுந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பாமினி சாகவில்லை. அதற்குத் தட்டச்சாளரின் பிடிவாதம் காரணம் என்பார்கள். அச்சகக்காரரைக் கேட்டால் வேறு கதை வரும். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தெரியாது. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அது நின்றும்விட்டது. அதன் வாரிசான இன்டிசைன் தமிழ் போன்ற எழுத்துகளை முறையாகக் கையாளத் தொடங்கியது 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான். நடுவில் போன பத்து வருடங்களில் வாடிக்கையாளர் யுனிகோட்டில் கொண்டுவந்தால், அச்சகம் அதைத் திரும்பப் பாமினியாக்கித்தான் பக்கம் அமைக்க வேண்டியிருந்தது. கந்தோரில் ஓர் அடுக்கைச் சரிசெய்த தரம் அச்சகத்தின் அடுக்கை எட்டவில்லை. புலம்பெயர்ந்து வாழ்ந்த சுரதா யாழ்வாணன் செய்த எழுத்துரு மாற்றி போன்ற கருவிகள் இரு திசையிலும் ஓடி ஓடி உழைத்தது இந்த இடைவெளியில்தான். அவருக்குக் கொட்டாஞ்சேனையின் அச்சகங்கள் ஒரு நன்றிக்கடன் வைத்திருக்கின்றன. அதை அவை எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

மாற்றியும் மீட்காதவை உண்டு. தொண்ணூறுகளின் நினைவுமலர்கள் நெகிழ்வட்டிலும் குறுந்தட்டிலும் கிடந்து பழுதாயின. அச்சுப் பிரதி எஞ்சியவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்றவை வருடிப் படமாக வைத்திருக்கின்றன. படத்தை வாசிக்கலாம், அதற்குள் ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால் பட எழுத்தைக் கணினியே படித்தறிய வேண்டும். தமிழில் அந்தக் கலை எந்த அளவுக்கு வந்திருக்கிறது, ஈய அச்சிலும் பாமினியிலும் வந்த ஒரே எழுத்து அதற்கு எப்படி இருவேறாகத் தெரிகிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)